வானொலி முகப்புக்கு ஒரு விளக்கு

சென்ற வாரம் வந்த கடிதங்களுள் ஒன்று என்னைச் சிறிது நேரம் கதிகலங்கச் செய்துவிட்டது. எழுதியவர் ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கும் பாடசாலை மாணவர். அவருடைய தாத்தாவிடம் பழைய வால்வு ரேடியோ ஒன்று இருக்கிறதாம். பெட்டி இன்னும் பேசுகிறது. ஆனால் தாத்தாவின் கண்பார்வை மங்கிவிட்டது. இரவில் முள் எங்கே நிற்கிறதென்று தெரியாமல் குமிழைத் திருகித் திருகி அலுத்துப் போகிறார். “முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறு விளக்குப் பூட்ட விரும்புகிறேன். உள்ளே இருக்கும் தகரத் தட்டில் ஒரு வயரையும், வால்வின் காலொன்றில் மற்ற வயரையும் ஈயம் வைத்து ஒட்டினால் போதுமல்லவா, ஐயா?” என்று கேட்டிருந்தார்.

கடிதத்தின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. பதிலை ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. உடனே அழைத்தேன்.

“தம்பி, பெட்டியைத் திறந்தாச்சா?”

“இன்னும் இல்லீங்க ஐயா. நாளைக்குத்தான் ஈயக்கோல் இரவல் கிடைக்கும்.”

“நல்லது. பிளக்கை உருவி வை. நான் சொல்லும்வரை பின்மூடியில் கை வைக்காதே.”

அவர் கேட்டது சின்னக் கேள்விதான். பதில் அவ்வளவு சின்னதன்று. ஆகையால் இந்த வாரப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். மலைநாட்டில் எத்தனையோ வீடுகளில் இத்தகைய பெட்டிகள் அலமாரியின் மேல் இன்னும் குந்தியிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் ஈயக்கோலும் கையுமாக அவற்றைச் சுற்றி வருவதும் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. என் தந்தையார் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லயத்தில் மின்சாரம் இல்லை, குப்பி லாம்புதான். ஆகவே எங்களுடையது பற்றரியில் ஓடும் நான்கு வால்வுப் பெட்டி. அம்மா அதன்மேல் பூவேலை செய்த துணியொன்றைப் போர்த்தி, ஏதோ சுவாமி படத்தைப் போலப் பாதுகாத்து வந்தார். மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய அயலவர்கள் எங்கள் இஸ்தோப்பில் வந்து அமர்வார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 இல் தொடங்கியது. அதன் பின்னர் தமிழ்ச் சினிமாப் பாட்டுக்கு மலைநாட்டில் தட்டுப்பாடே இருக்கவில்லை. எஸ். பி. மயில்வாகனம் அவர்களுடைய குரல் கேட்டால் அழுகிற குழந்தையும் வாயை மூடும் என்று எங்கள் பாட்டி சொல்வதுண்டு. அது சற்று மிகைதான்.

அந்தப் பெட்டிக்கு முகப்பு விளக்குக் கிடையாது. அப்பா தம் பேனாக்கத்தியால் கண்ணாடிக்குக் கீழேயுள்ள மரச் சட்டத்தில் சிறு வெட்டுகள் போட்டிருந்தார். ஒரு வெட்டு என்றால் கொழும்பு. இரண்டு வெட்டு என்றால் திருச்சி. முள்ளை வெட்டுக்கு நேரே கொண்டுவரத் தீக்குச்சி கிழித்துப் பிடிப்பார். 1964 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. இந்திய வம்சாவளியினருள் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, மீதி 150,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பது என்பதே அதன் சாரம். அந்த நாட்களில் ஒரு மாலை, செய்தி நேரத்தில் யாரோ குமிழைத் தட்டிவிட்டார்கள். இஸ்தோப்பு நிறைய ஆட்கள். யார் போவது, யார் இருப்பது என்ற ஏக்கம் எல்லோர் முகத்திலும். அப்பா ஒன்றன்பின் ஒன்றாகத் தீக்குச்சி கிழித்தார். ஈரக் காற்றில் குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. முள் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது செய்தி முடிந்து பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அப்பொழுது ஒன்பது வயது. ஒரு சின்ன விளக்கை வைத்திருக்கக் கூடாதா என்று அந்தக் கம்பனிக்காரனை நான் மனத்துக்குள் வைததை இன்றும் மறக்கவில்லை.

பின்னாளில் வானொலி வேலை கற்றபோதுதான் அந்தக் கோபம் தணிந்தது. டிகே 91, டிஎப் 91, டிஏஎப் 91, டிஎல் 92 என்ற நான்கு வால்வுகளின் இழைகளையும் சூடாக்க 1.4 வோல்ற்றில் 250 மில்லி அம்பியர் மின்னோட்டம் தேவை. 1950களின் நடுப்பகுதியில் வந்த 96 வரிசை வால்வுகளுக்கு அதிற் பாதி, 125 மில்லி அம்பியரே போதும். சாதாரண டோர்ச் மின்குமிழ் ஒன்றோ தனியாகவே 300 மில்லி அம்பியர் குடிக்கும்! நான்கு வால்வுகளின் இழைகளையும் சூடாக்கச் செலவாவதைவிட முள்ளைக் காட்டுவதற்கு அதிகம் செலவாகும். பற்றரி வாங்கச் சம்பள நாளை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கு அது கட்டுபடியாகுமா? இதே கணக்கு உலகெங்கும் பொருந்தியது. 1949 இல் எவரெடி கம்பனி, இன்று சாம்பியா எனப்படும் வட ரொடீசியாவின் ஆபிரிக்க மக்களுக்கென்று மலிவான பற்றரி ரேடியோ ஒன்றைச் செய்தது. அலுமினியச் சட்டி போன்ற உருவம். பெயரும் ‘சோஸ்பேன் ஸ்பெஷல்’ தான். விலை 5 பவுண். பற்றரிக்குத் தனியாக 25 ஷில்லிங். எளியவன் வீட்டு ரேடியோவைத் திட்டமிடுகிறவன் முதலில் பற்றரியின் ஆயுளைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்பதா, வேதனை என்பதா? பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே நம் மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று கட்டுரை எழுதி வாதாடியவர். நோர்ட்டன் பிரிஜ் அணையின் நீரைக் கொண்டு பழைய லக்சபான மின்நிலையம் 1950 இல் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியது. கம்பிகள் தேயிலை மலைகளின் மேலாகக் கொழும்பு நோக்கிப் போயின. அவற்றின் கீழேயிருந்த லயங்களிலோ குப்பி லாம்பு இன்னும் பல்லாண்டுகள் எரிந்தது.

சரி, தம்பியின் பெட்டிக்கு வருவோம். விளக்குப் பூட்டுமுன் அறிய வேண்டியது ஒன்றே: பெட்டி எந்த இனம்? ஐரோப்பிய வால்வுகளின் பெயரில் முதலெழுத்தே அதைச் சொல்லிவிடும். பிளக்கை உருவிவிட்டு, பின்மூடியின் காற்றுத் துளைகள் வழியே டோர்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் அச்சிட்ட பெயரைப் பெரும்பாலும் வாசிக்கலாம். முதலெழுத்து ‘டி’ என்றால் 1.4 வோல்ற்றுப் பற்றரி வால்வு. ‘ஈ’ என்றால் 6.3 வோல்ற்று, இவற்றை ஆடலோட்டப் பெட்டிகளில் நிலைமாற்றியுடன் காணலாம். ‘யூ’ என்றால் எல்லா வால்வுகளின் இழைகளும் மாலையிற் கோத்த மணிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து, 100 மில்லி அம்பியர் ஓட்டத்தில், மின்சாரத்தை நேரே சுவரிலிருந்து பெறுபவை.

இந்த ‘யூ’ இனந்தான் ஆளை விழுங்கும் இனம். ஆடலோட்டம், நேரோட்டம் இரண்டிலும் ஓடுவதற்காக இதைச் செய்தார்கள். சில தோட்டங்களில் தொழிற்சாலையின் டைனமோ தந்த நேரோட்டத்துக்கு நிலைமாற்றிப் பெட்டி உதவாது, இது உதவும். ஆனால் நிலைமாற்றி இல்லையாதலால், சேசிஸ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த உலோகத் தட்டே மின்வழியின் ஒரு முனையாகிவிடுகிறது. இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் தட்டு முழுவதும் 230 வோல்ற்று! சரியாகச் செருகினாலும் ஆபத்து நீங்காது. பெட்டியின் ஆளி, மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பியில் இருந்தால், அதை அணைத்த பிறகும் வால்வு இழைகளின் வழியே மின்சாரம் தட்டுக்கு வந்து காத்திருக்கும். அணைத்துவிட்டோமே என்ற நம்பிக்கையில் கை வைத்தவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் சித்தி அவ்வாறு மாட்டிக்கொண்டவர். அவர்கள் வீட்டுப் பெட்டிக்கு ஒரு கடைக்காரர் விளக்குப் பூட்டிக் கொடுத்தார். யார், எந்த ஊர் என்பது இங்கு வேண்டாம். வேலை முடிந்ததும் குமிழைத் தண்டோடு இறுக்கும் சிறிய ஆணியின்மேல் இருந்த மெழுகைத் திரும்ப அடைக்காமல் விட்டுவிட்டார். அந்த மெழுகை அழகுக்காக வைத்திருப்பதாக அவர் எண்ணினார் போலும். ஆணி தண்டைத் தொடும். தண்டு தட்டைத் தொடும். சித்தி பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு, ஈரச் சிமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்று குமிழைத் தொட்டார். தூக்கியெறிந்ததால் உயிர் பிழைத்தார். வலக்கை விரல்கள் ஒரு வாரம் மரத்துக் கிடந்தன. அன்றிலிருந்து அவர் சாகும்வரை எந்த ரேடியோவையும் தாமாகத் தொட்டதில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுத்தான் போடச் சொல்வார்.

ஆகவே ‘யூ’ இனப் பெட்டிக்கு விதி இதுதான்: புதிய விளக்குக்கான மின்சாரத்தை அப்பெட்டியிலிருந்து ஒரு துளியும் எடுக்கக் கூடாது. சிலவற்றில் பழைய முகப்பு மின்குமிழ் ஏற்கனவே அந்த மாலையில் ஒரு மணியாகக் கோக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. போடலாமென்றும் எண்ணாதீர்கள். எல்.ஈ.டி. அந்த 100 மில்லி அம்பியரைத் தாங்காது. மாலையின் கணக்கும் குழம்பும். அந்த இடத்துக்கு, முன்பிருந்த அதே அளவு மின்குமிழே வேண்டும்.

புதிய விளக்குக்குச் செய்ய வேண்டியது மிகச் சுலபம். பேனா டோர்ச்சுக்குப் போடும் ‘ஏஏ’ பற்றரி மூன்று, அவற்றுக்கான பிளாஸ்ரிக் கூடு, ஒரு சிறு ஆளி, மஞ்சள் சாயலான வெள்ளை எல்.ஈ.டி. இரண்டு, 330 ஓம் தடை இரண்டு. ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனித்தனியே ஒரு தடையைத் தொடராக இணைக்க வேண்டும். 4.5 வோல்ற்றில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மில்லி அம்பியர்தான் எடுக்கும். இரவுக்கு இரண்டு மணி நேரம் எரித்தாலும் பற்றரி ஏறக்குறைய மூன்று மாதம் வரும். ஒட்டிய இடங்கள் அனைத்தையும் இன்சுலேசன் குழாயால் மூடி, கம்பி எதுவும் தட்டில் படாதவாறு கண்ணாடியின் இரு ஓரங்களிலும் எல்.ஈ.டி.யைப் பதிக்க வேண்டும். கூட்டையும் ஆளியையும் மரப்பெட்டியின் வெளிப்புறத்திலே, உலோகத் திருகாணி இல்லாமல் ஒட்டிவிடுங்கள்.

தொலைபேசி சார்ஜரில் இணைத்தால் பற்றரிச் செலவும் இல்லையே என்று கேட்பீர்கள். நானும் செய்து பார்த்தேன். சார்ஜரின் உள்ளே நடக்கும் வேக வேகமான ஆளியாட்டம் ரேடியோவில் வண்டு கத்துவது போல ஒரு ரீங்காரத்தைக் கிளப்பியது. சிற்றலையில் ஒன்றும் கேட்கவில்லை. அதோடு, கம்பி எப்போதாவது தட்டில் உரசினால் சார்ஜரின் கம்பியிலும் 230 வோல்ற்று ஏறிவிடும். பற்றரியே மேல்.

‘டி’ இனப் பற்றரிப் பெட்டிக்கும் இதே விளக்குப் பொருந்தும். வால்வின் 1.4 வோல்ற்றைத் தொட வேண்டாம். தொட்டாலும் வெள்ளை எல்.ஈ.டி.க்கு அது போதாது. 90 வோல்ற்றுப் பற்றரியின் கம்பியைத் தவறி இழையில் மாட்டினாலோ நான்கு வால்வும் ஒரு கணத்தில் போய்விடும். அவை இன்று காசு கொடுத்தாலும் எளிதில் கிடைப்பதில்லை. அழுத்தும்போது மட்டும் எரியும் ஆளியைப் போட்டால் நல்லது. பழைய பற்றரிப் பெட்டிகள் சிலவற்றில் கம்பனிக்காரர்களே அப்படிச் செய்திருந்தார்கள் என்பதைப் பின்னர் கண்டு, என் ஒன்பது வயதுக் கோபம் சிறிது திரும்பி வந்தது.

‘ஈ’ இனப் பெட்டியில் பெரும்பாலும் விளக்கு முன்பே இருக்கும், மின்குமிழ் கருகியிருக்கும். அதன் கழுத்தில் 6.3 வோல்ற்று, 0.3 அம்பியர் என்பது போல எழுதியிருக்கும். அதே அளவில் புதிது போட்டால் வேலை முடிந்தது. அதிகப் பிரகாசம் வேண்டுமென்று பெரிய மின்குமிழ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈஎல் 84 என்ற ஒலி வால்வு ஒன்றே 0.76 அம்பியர் கேட்கிறது. முதிய நிலைமாற்றியின் தலையில் மேலும் சுமை ஏற்றாதீர்கள். கூடுதல் விளக்கு வேண்டுமானால் அந்த 6.3 வோல்ற்றிலேயே ஒரு எல்.ஈ.டி.யை 470 ஓம் தடையுடன் இணைக்கலாம். ஆனால் ஆடலோட்டம் திசை மாறும்போது எல்.ஈ.டி. பழுதாகாமலிருக்க, அதன் குறுக்கே 1என் 4148 போன்ற இருவாயி ஒன்றை எதிர்த்திசையில் வைக்க வேண்டும். இதை ஈயக்கோலில் பழகியவர்தான் செய்ய வேண்டும். மாணவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

இந்த இனத்திலும் ஒரு பொறி உண்டு. சில பெட்டிகளில் 5வை3 போன்ற வால்வுக்கென்று நிலைமாற்றியில் தனியாக 5 வோல்ற்றுச் சுருள் இருக்கும். ஐந்து வோல்ற்றுத்தானே, எல்.ஈ.டி.க்கு ஏற்றதாயிற்றே என்று தோன்றும். அந்த ஐந்து வோல்ற்று, தட்டிலிருந்து முந்நூறு வோல்ற்று உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது! மொட்டைமாடி விளிம்பில் வைத்த முக்காலியைப் போல. முக்காலி ஓரடி உயரந்தான். விழுந்தால் ஓரடியா விழுவோம்?

எந்த இனமானாலும், பிளக்கை உருவிய பின்னரும் உள்ளிருக்கும் பெரிய கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். தெரிந்தவர் ஒருவர் 10,000 ஓம் தடையொன்றை அவற்றின் குறுக்கே சில வினாடி பிடித்து வடித்துவிட்டு, பல்மானியால் அளந்து பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். பல வருடங்கள் ஓடாத பெட்டியை விளக்கு ஆசையில் திடீரென்று சுவரில் செருகுவதும் தவறு. காய்ந்துபோன கொள்ளளவி புகைந்து வெடிக்கக் கூடும்.

முகப்புக் கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் மனம் உடைந்துபோகிற விபத்து அங்கேதான் நடக்கிறது. ஊர்ப் பெயர்கள் கண்ணாடியின் பின்புறத்தில்தான் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். விளக்குப் பூட்டுகிற சாக்கில் ஈரத் துணியாலோ ஸ்பிரிட்டாலோ அந்தப் புறத்தைத் துடைத்தால் கொழும்பு, டெல்லி, இலண்டன், பாரிஸ் எல்லாம் துணியோடு வந்துவிடும். நான் ஒருமுறை அப்படி ஒரு கண்டத்தையே அழித்திருக்கிறேன். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். முன்புறத்தை மட்டும் துடையுங்கள்.

இனித் தம்பியின் செய்தி. மறுநாள் மாலை அவர் டோர்ச்சும் கையுமாகப் பின்மூடித் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு தொலைபேசியில் வாசித்தார்: “யூ சீ எச்... அடுத்தது யூ எல்... அதுக்கடுத்தது யூ வை, ஐயா.” நான் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. தாத்தா அந்தக் குமிழை நாற்பது வருடமாகத் திருகி வருகிறார். மெழுகு இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். ஒரு குமிழில் இருந்தது, மற்றதில் இல்லை. தோட்டத்து மின்சார வேலைக்காரர் ஒருவர் வந்து அதை அடைத்து, மின்வடத்தையும் புதிதாக மாற்றி, பற்றரி விளக்கைத் தம்பியோடு சேர்ந்து பூட்டிக் கொடுத்திருக்கிறார்.

நேற்று இரவு மறுபடியும் அழைப்பு வந்தது. விளக்கு நன்றாக எரிகிறதாம். கண்ணாடியின் ஓரத்தில் பென்சிலால் போட்ட பழைய கோடொன்று இப்போது தெரிகிறதாம். தாத்தா முள்ளை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறாராம்.

“அங்க இப்ப இரைச்சல் மட்டுந்தான் வருதுங்க ஐயா. தாத்தா எடுக்க வேணாங்கிறாரு. ஏரியல் கம்பி நீளமாப் போட்டா ஏதாச்சும் கேக்குமா?”

கம்பி எவ்வளவு நீளம், எந்த மரத்தில் கட்டுவது, இடி மின்னல் காலத்தில் அதை என்ன செய்வது என்பதை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன். அதுவரை கூரையில் ஏற வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.